கழற்றாத சட்டை

ஜூன் 4

அக்காவுக்கு,

உன் தம்பி ஊசி எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் என் நம்பரை நீ அடைத்து வைத்து நான்கு மாதம் ஆகப்போகிறது. கடை நம்பரிலிருந்து ஒருநாள் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் "வார்டன் வெளிய போயிருக்காங்க" என்று நீயே சொல்லி வைத்துவிட்டாய். உன் குரல் எனக்குத் தெரியாதா? சரி, அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இங்கே எல்லோரும் நலம். கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. மேலே மூன்று மாடிகளிலும் துணி வாங்குகிறவர்கள் கடைசியில் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் ஆல்டரேஷன் கடைக்குத்தான் இறங்கி வருகிறார்கள். கம்பெனிக்காரன் ஒரு அளவில் தைக்கிறான், கடவுள் வேறு அளவில் தைத்திருக்கிறார். நடுவில் நாங்கள் பிரித்துப் பிடித்துக் கொடுத்துப் பிழைக்கிறோம்.

உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து பிசியோதெரபிக்குப் போய் வந்தாய் என்று வீட்டில் இவள் சொன்னாள். அங்கே முதல் நாள் என்னதான் செய்வார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வலிக்கிற இடத்தைப் பிடித்து இழுப்பார்களா? பார்க்கிறவர் ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே தெரியுமா? சட்டையைக் கழற்றச் சொல்வார்களா? திரை ஏதாவது இருக்குமா, இல்லை எல்லோரும் பார்க்க ஒரே கூடமா?

உன் உடம்பின் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறேன். பதில் போடு.

ஊசி


ஜூன் 8

ஊசிக்கு,

முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க எதற்கடா சட்டையைக் கழற்ற வேண்டும்?

விடுதி முழுக்கப் பெண்பிள்ளைகளை வைத்து மேய்க்கிறவள் நான். டீ கிளாசில் தெர்மாமீட்டரை முக்கி எடுத்துக்கொண்டு "மேடம், காய்ச்சல்" என்று வந்து நிற்கிறவளை முகத்தைப் பார்த்தே அனுப்பிவிடுவேன். என்னிடமா உன் அக்கறையைக் காட்டுகிறாய்? எங்கே வலி? தோளா, முதுகா? மரியாதையாக எழுது.

நீ வாய் திறக்காவிட்டால் நான் திறக்கிறேன். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் வந்து இருடா என்று உன்னிடம் கேட்டேன். கட்டிலிலிருந்து என்னைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கவும், பாத்ரூம் வாசல்வரை கொண்டுவிடவும் ஒரு ஆள் வேண்டும் என்றேன். உன் அத்தான் போன பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அந்த ஒன்றைத்தான் கேட்டேன். "கடையில ரஷ், அக்கா" என்றாய். ஒரு வாரம் பேன்ட் நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொண்டு போக மாட்டார்களா? இடது முழங்காலும் பாக்கி இருக்கிறது, ஆண்டுக் கடைசியில் செய்யலாம் என்கிறார் டாக்டர். அப்போது உன்னைக் கூப்பிடவே மாட்டேன். பயப்படாமல் இரு.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் உட்கார வைத்துப் பேசுவார்கள். எப்போது ஆரம்பித்தது, எதைச் செய்தால் கூடுகிறது, தூக்கம் வருகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், என்ன வேலை, வீட்டில் உதவிக்கு யார் என்றெல்லாம் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு கேட்டதில்லை. வலி பத்துக்கு எத்தனை என்பார்கள். அப்புறம் நட, மடக்கு, நீட்டு, தூக்கு. பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்சில் இருக்குமே, அந்த மாதிரி இரண்டு கை வைத்த ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். கையால் அழுத்திப் பார்ப்பார்கள். கொஞ்சம் வலிக்கும், உயிர் ஒன்றும் போகாது. கடைசியில் உங்களுக்கு எதைச் செய்ய முடியணும் என்று கேட்டுவிட்டு, வீட்டில் செய்ய இரண்டு மூன்று பயிற்சி சொல்லித் தருவார்கள். மறுநாள் உடம்பு கடுக்கும். அதற்காக அலறிக்கொண்டு ஓடக் கூடாது.

திரை உண்டு. ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று முன்னாலேயே போனில் கேட்டுக்கொள்ளலாம். தோள் என்றால் சட்டையைக் கழற்றத்தான் வேண்டும். முடியாது என்றும் சொல்லலாம், யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் நீ ஏன் முடியாது என்கிறாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

தோள்தான். வலது தோள்.

போன வருஷக் கடைசியில் மேல் தட்டில் இருந்த நூல்பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. நாலு நாளில் சரியாகிவிடும் என்று விட்டேன். சரியாகவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. தலை சீவ முடியவில்லை. பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடியவில்லை. முதுகு தேய்த்துக் குளித்து எத்தனையோ மாதமாகிறது. இதை எழுதும்போதே கூசுகிறது.

யாருக்கும் தெரியாது. எப்படித் தெரியாமல் இருக்கிறது என்று கேட்பாய். என் சட்டைகளை எல்லாம் பிரித்துவிட்டேன் அக்கா. வலது பக்கம் அக்குளிலிருந்து இடுப்புவரைக்கும், அப்புறம் கையின் அடித்தையலையும் பிரித்து, உள்பக்கமாக வெல்க்ரோ வைத்துத் தைத்துவிட்டேன். சட்டையைக் கட்டில்மேல் விரித்துப் போட்டுக் கையை வைத்துப் பக்கத்தை ஒட்டிக்கொண்டால் போட்டாயிற்று, கையைத் தூக்கவே வேண்டாம். அப்புறம் வலது தோள் கொஞ்சம் இறங்கினாற்போலத் தெரிய ஆரம்பித்தது. அதற்கு ஒரு சின்ன ஷோல்டர் பேட். கோட்டில் வைப்பார்களே, அதையே மெலிதாக்கி வைத்தேன். பக்கத்து மிஷினில் உட்கார்ந்து பதினைந்து வருஷமாகத் தைக்கிறவனுக்கே தெரியவில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் உன்னிடம் எதற்கு மறைக்க, அந்த வேலைப்பாட்டில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. தோளைப் பார்க்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளிக்குத் தெரிந்தால் என்னைக் கட்டிங் மேசையிலிருந்து எடுத்துவிடுவார். கை வராத தையல்காரனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இவளிடம் சொன்னால் அன்றைக்கே அழுது ஊரைக் கூட்டிவிடுவாள். தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டால் கத்திவிடுவேன் என்று பயந்து, புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிக் கூடத்து சோபாவில் படுக்கிறேன்.

நீ கூப்பிட்டபோது ரஷ் ஒன்றும் இல்லை. தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்றாய். தூக்கும்போது நடுவில் கை விட்டுவிட்டால்? புதிதாக ஆபரேஷன் செய்த காலோடு உன்னைக் கீழே போட்டுவிட்டால்? என்னால் முடியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. ரஷ் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

போன வாரம் பேன்ட் குறைக்க வந்த ஒரு டாக்டர், நான் இடது கையால் டேப் பிடிக்கிறதைப் பார்த்துவிட்டார். "அந்தக் கையைத் தூக்குங்க பாப்போம்" என்றார். தூக்கினேன், அதாவது தூக்கப் பார்த்தேன். பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இவளிடம் சொல்லாதே.

ஊசி


ஜூன் 15

ஊசிக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அழுகை வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது உன்னை நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

உன் பெண்டாட்டி போன மாதமே எனக்குப் போன் செய்தாள். "அண்ணி, அவருக்கு எம்மேல என்ன கோவம்னே தெரியல. மாசக்கணக்கா கூடத்துல படுக்குறாரு. கிட்டப் போனா வெலகிக்குறாரு. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். நான் உன்மேல் இருந்த கடுப்பில், "அவனுக்கு யாரும் வேணாம், விட்டுத் தள்ளு" என்றேன். இப்போது அதை நினைத்தால் எனக்கே அவமானமாக இருக்கிறது. நாத்தனார் பேசுகிற பேச்சா அது?

நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். பதினெட்டாம் தேதி அங்கே போய் அந்தக் கேடுகெட்ட சட்டையைக் கழற்று. அவர்கள் ஒருநாளைக்கு எத்தனையோ முதுகுகளைப் பார்க்கிறவர்கள். உன் முதுகில் தங்கமா பதித்திருக்கிறது?

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

போய்விட்டு வந்தேன். நீ சொன்னது அப்படியே நடந்தது, ஒன்றைத் தவிர.

மருந்துக்கடைக்கு மேல் இரண்டாவது மாடி. பெரிய பெரிய பந்துகள், இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பிகள், சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. பச்சைத் திரை போட்ட தடுப்புகள். எனக்கு வந்தது ஒரு சின்னப் பெண், பயிற்சியில் இருக்கிறவள். இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவளை நான் பார்த்ததில்லை. நீ சொன்ன கேள்வி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் அது வந்தது.

"சட்டையைக் கழட்டிக்கலாமா சார்? தோளைப் பாக்கணும்."

"ஏசி குளுருதும்மா."

"கொறைக்கச் சொல்லவா?"

"வேணாம்மா, எனக்குச் சளி புடிச்சிக்கும். இப்படியே பாத்துடலாமே?"

கொஞ்சம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "சரி சார், உங்க வசதிப்படி" என்றாள்.

கழற்றியிருப்பேன் அக்கா, சத்தியமாக. ஆனால் பிரித்தால் வெல்க்ரோ பர்ரென்று கத்தும். அடுத்த திரைக்குப் பின்னால் ஆள் இருந்தார். உள்ளே பேட் வேறு இருக்கிறது. சட்டைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறவன் என்று அந்தச் சின்னப் பெண் நினைக்க வேண்டுமா?

ஆனால் ஒன்று சொல்கிறேன், அளவில் நான் நன்றாகவே தேறிவிட்டேன். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னாள். தூக்கும்போது உடம்பை இடது பக்கம் லேசாகச் சாய்த்து, தோளையும் கொஞ்சம் எக்கிக்கொண்டேன். சட்டை தொளதொளவென்று இருந்ததில் ஒன்றும் தெரியவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்து, "நூத்திப் பத்து டிகிரி வருதே சார், நல்லாத்தான் இருக்கு" என்றாள். வலி பத்துக்கு எத்தனை என்றதற்கு இரண்டு என்றேன். எதைச் செய்ய முடியணும் என்றதற்கு, "வேலை பாக்கணும், வேற என்னம்மா" என்றேன். கதவின் மேல் கயிறு போட்டு நல்ல கையால் இழுத்து இந்தக் கையைத் தூக்குகிற பயிற்சி ஒன்று, கம்பைப் பிடித்துச் செய்கிறது ஒன்று சொல்லித் தந்தாள். "வலி கூடினா நிறுத்திடுங்க சார்" என்றாள். பரீட்சையில் பாஸ் ஆனவன் மாதிரி படி இறங்கி வந்தேன்.

இவளிடம் இன்னும் சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்து என்னவென்று கேட்டாள். துணி காயப்போட என்று சொல்லிவிட்டேன்.

ஊசி


ஜூன் 23

அட மடையா,

கழுத்தில் இஞ்ச் டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறவன் செய்கிற காரியமா இது? இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிற ஆட்களைப் பற்றி எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய்! "முப்பத்துநாலுதான்யா என் சைஸ்னு அடிச்சிப் பேசுவான் அக்கா, பேன்ட் வந்ததும் பட்டன் போட முடியாம என்னையே திட்டுவான்" என்று நீ நடித்துக் காட்டியதில் நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியது ஞாபகம் இருக்கிறதா?

இப்போது நீ வயிற்றை எக்கிக்கொண்டு நின்றிருக்கிறாய். நீ கொடுத்த அளவுக்குத்தான் அந்தப் பெண் உனக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அது உன் உடம்பில் ஏறாது. அந்தக் கயிற்றை முதலில் கழற்று. திரும்பப் போய் உண்மையைச் சொல். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்வரை அதை இழுத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

கயிற்றை இழுத்தேன். நூற்றுப்பத்து என்று சொன்னாளே, அதற்குக் கீழே நிறுத்தினால் மானம் போய்விடும்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். நிறுத்தச் சொல்லியிருந்தாள், நான் நிறுத்தவில்லை. நாலாம் நாள் கை முழுக்கத் தீயாக எரிந்தது. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டு நேராக அங்கே போனேன்.

கத்தினேன் அக்கா. வாசலிலேயே ஆரம்பித்தேன். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நல்லா இருந்த கையை இந்தப் பொண்ணு ஒழிச்சிட்டா! கத்துக்குட்டிய விட்டு வைத்தியம் பாக்குறீங்களா?" என்று கேட்டேன். பெரிய தெரபிஸ்ட் உள்ளேயிருந்து வந்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் தான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து, "சார் வலி ரெண்டுன்னு சொன்னாங்க" என்றாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நானா சொன்னேன்? பத்துன்னு சொன்னேன்! காதுல வாங்காம எழுதிக்கிட்டா நான் என்ன பண்றது?"

இதைச் சொன்னது உன் தம்பிதான். சொன்ன பிறகும் நிற்கவில்லை. அவளை நோக்கிக் கையை நீட்டினேன், அந்தக் கையையே. பக்கவாட்டில் வெல்க்ரோ விட்டுக்கொண்டது. சத்தம் எனக்கு இடி மாதிரி கேட்டது. பெரியவர் அதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தார். பேட் சட்டைக்குள்ளிருந்து வழுக்கி அவள் காலடியில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். அதைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அது அவள் முகத்திலேயே தெரிந்தது. அதைப் பெரியவரிடம் அப்படியே நீட்டிக் காட்டியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் பக்கத்தில் கிடந்த ஒரு டவலை எடுத்தாள், பேடை அதற்குள் வைத்து மடித்தாள், "சார், உங்க டவல்" என்று என் கையில் கொடுத்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன். பைக்குள் திணித்துக்கொண்டேன். பெரியவர் அவளிடம், "நீ கொஞ்ச நாள் பேஷன்ட் பாக்க வேணாம். முன்னாடி உக்காந்து டோக்கன் கொடு" என்றார். அவள் சரி சார் என்றாள். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

அந்த டவல் என் கடைப் பையில் இருக்கிறது. பையைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நீ என்ன திட்டினாலும் தகும்.

ஊசி


ஜூலை 4

ஊசிக்கு,

உன்னைத் திட்டுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், நீ சிரிக்கக் கூடாது.

முதல் நாள் வீட்டில் உதவிக்கு யார் என்று கேட்பார்கள் என்று உனக்கு எழுதினேன் இல்லையா? என்னிடம் கேட்டபோது நான், "என் தம்பி வந்திருக்கான்" என்று சொன்னேன். யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் அதிகாரம் பண்ணுகிற வார்டனுக்கு ஒரு கை கொடுக்க ஆள் இல்லை என்றால் அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்களே! "தம்பி என்ன பண்றாரு?" என்று கேட்டார் அந்த ஆள். "பெரிய டெய்லர், கடையை விட்டுட்டு வந்திருக்கான் எனக்காக" என்று நீட்டி முழக்கினேன்.

அவரும் நம்பி, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு செய்தேன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கதவு திறந்துகொண்டது. விழுந்தேன். சமையல்கட்டில் வேலை பார்க்கும் அம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தேன். நல்லவேளையாகக் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை போனபோது, "தம்பி நல்லாப் பாத்துக்கறாரா?" என்றார். "ரொம்ப நல்லா" என்றேன். உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அதற்குத்தான். நீ வராததைவிட, நீ வந்ததாகப் பொய் சொல்ல வேண்டி வந்ததே, அதுதான் தாங்கவில்லை.

ஆகையால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் என் பொய்யால் விழுந்தது நான். உன் பொய்யால் விழுந்தது அந்தப் பெண். அவள் இன்றைக்கும் அந்த வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பாள். போய்ச் சொல். தனியாகப் போகாதே, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போ. அவளிடம் முதலில் சொல்லிவிட்டுப் போ.

போனில் உன் நம்பரைத் திறக்கலாம் என்று பார்த்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போனில் நீ ரஷ் என்று சொல்லிவிடுவாய். எழுதும்போதுதான் உன்னிடமிருந்து உண்மை வருகிறது.

அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அலமாரிக் கதவு என்று எழுதியிருந்த இடத்துக்கு மேல் படிக்க முடியாமல் எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். பக்கத்து மிஷின்காரன் வயிற்றுவலி இன்னும் தீரவில்லை என்று நினைத்திருப்பான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி இவள் மடியில் போட்டேன். முதலில் இவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள், ஒட்டிப் பார்த்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதுக்காகவா சோபா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேனே" என்றாள். பக்கத்தை மறுபடி ஒட்டித் தடவிப் பார்த்தாள். திடீரென்று, "தையல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். உடனே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் காலையில் எனக்கு முதுகு தேய்த்துவிட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நல்லவேளை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பேரும் போனோம். அந்தப் பெண் வாசல் மேசையில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் டோக்கன் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா, அந்தக் கையைப் பார்த்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. என் மகள் வயதுகூட இல்லாத பெண், நான் மறுபடி கத்தப்போகிறேன் என்று பயப்படுகிறாள்.

கத்தியது எல்லோர் முன்னாலும். ஆகவே சொன்னதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பெரியவரை வெளியே கூப்பிட்டேன். "இந்தப் பொண்ணு சொன்னதுதான் நெசம். ரெண்டுன்னுதான் சொன்னேன். சட்டையக் கழட்டச் சொன்னா, நான்தான் மாட்டேன்னேன். உடம்பச் சாச்சு அளவு கொடுத்தேன். நிறுத்தச் சொன்னா, நிறுத்தல. தப்பு பூரா என்னோடது" என்றேன். பாதி சொல்லும்போதே இவள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் என்னைத் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தாயா? "அவளும் வற்புறுத்திக் கேட்டிருக்கணும். அது அவ தப்பு. நீங்க பண்ணது உங்க தப்பு. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க" என்றார். அப்புறம் அவளைப் பார்த்து, "போம்மா, நீயே திரும்பப் பாரு" என்றார்.

கழற்றினேன் அக்கா. பர்ரென்று அந்த மாடி முழுக்கக் கேட்டது. அடுத்த திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன், ஆனால் காது இரண்டும் சுட்டது. டவலைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். என் முதுகெலும்பில் கையை வைத்துக்கொண்டு, "சாயாதீங்க" என்றாள். அதே அளவுகோலில் எழுபதுகூட வரவில்லை.

"நெசமாச் சொல்லுங்க சார். பத்துக்கு எத்தனை?"

"எட்டும்மா. படுத்தா ஒம்போது."

எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்குக் கழட்டச் சொல்லணும்னு தெரியும் சார். நீங்க கோவப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "இனிமே பொய் சொன்னீங்கன்னா நான் பாக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். கயிறு வேண்டாம் என்றாள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுகிற ஒரே ஒரு பயிற்சிதான் கொடுத்திருக்கிறாள். வீட்டில் நான் அதைச் செய்யும்போது இவள் பக்கத்தில் நின்று நான் சாய்கிறேனா என்று பார்க்கிறாள். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும். அவர் மேசையை மாற்றினாலும் மாற்றுவார்.

கடைசியில் அந்தக் கேள்வி மறுபடி வந்தது, எதைச் செய்ய முடியணும் என்று. வேலை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க அக்காவுக்கு வருஷக் கடைசியில இன்னொரு முழங்கால் ஆபரேஷன். கட்டில்லேருந்து அவங்களப் புடிச்சுத் தூக்கி உக்கார வைக்கணும்" என்று வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து, "அக்கா எவ்வளவு வெயிட் இருப்பாங்க?" என்று கேட்டாள். "அத அவங்க சொல்ல மாட்டாங்கம்மா. சொன்னாலும் கொறைச்சுத்தான் சொல்லுவாங்க" என்றேன். இவள் சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணும் கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது.

அதற்குள் முழுக்கச் சரியாகிவிடும் என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறாள். இந்தத் தோள் ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளுமாம். ஆகாவிட்டால் இடது கையால் தாங்குகிறேன், இவளும் கூட வருகிறாள். அலமாரியைத் தொடாதே. தேதி குறித்ததும் எனக்கு எழுது, நீ கூப்பிடாவிட்டாலும் வருவேன்.

முதல் நாள் அவர்கள் மறுபடி உன்னை உட்கார வைத்து வீட்டில் உதவிக்கு யார் என்று கேட்பார்கள். போன தடவை சொன்ன அதே பதிலையே சொல், அக்கா. இந்தத் தடவை அது பொய்யாக இருக்காது.

ஊசி